ஷெல் இல்லாத பெட்டி

லட்சுமிப்ரியாவுக்கும் ஸ்ரீகுமாருக்கும் அந்தச் சண்டை நாலு மாதம் நடந்தது. சொத்துச் சண்டையும் இல்லை, காதல் சண்டையும் இல்லை. ஓர் இயங்குதளம் என்று ஒன்று இருந்தால் அதற்குள் ஷெல் கட்டாயம் இருந்தாக வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் சண்டை. நாகர்கோவில் கோட்டாற்றில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் மொத்தம் ஏழு பேர். டீ குடிக்கப் போன இடத்திலும் இவர்கள் இருவரும் இதையே பேசியதால், மற்ற ஐந்து பேரும் இவர்களைக் கூப்பிடாமலே போய்க் குடித்துவிட்டு வர ஆரம்பித்தார்கள்.

ஷெல் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கறுப்புத் திரை, அதில் கண்சிமிட்டும் ஒரு கோடு. கட்டளையை எழுத்தில் அடித்தால் மிஷின் கேட்கும். இந்தக் கோப்பைக் காட்டு என்றால் காட்டும். இந்த வார்த்தையை எடுத்துவிட்டு அந்த வார்த்தையைப் போடு என்றால் போடும். எல்லாவற்றையும் அழி என்றால், ஏன் எதற்கு என்று கேட்காமல் அழித்தும் கொடுக்கும். எந்தக் கணினிக்குள்ளும் அப்படி ஒன்று முதலிலேயே வந்து உட்கார்ந்திருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் திறந்து பார்க்காமலே காலத்தைக் கழித்துவிடுகிறார்கள்.

கம்பெனி செய்தது மடைக்காவல் என்ற பெட்டி. பாசனச் சானலின் ஷட்டர்களில், கம்பத்துக்கு ஒன்றாக இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் மாட்டியிருந்தார்கள். நீர்மட்டத்தை அளக்கும். அளவு மீறினால் ஷட்டரைத் தானே தூக்கும். அந்த ஷட்டரை நம்பி வயல் வைத்திருப்பவர்களின் போனுக்குச் செய்தி அனுப்பும். உள்ளே ஓடியது லினக்ஸ் என்ற இயங்குதளம். முதலில் செய்த பெட்டிகளில் ஷெல்லும் இருந்தது, அதற்கு ஒரு கடவுச்சொல்லும் இருந்தது. வாங்கும்போது வந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை.

முதல் போகமான கன்னிப்பூ அறுப்புக்கு நாலு நாள் இருக்கும்போது எவனோ ஒருவன், எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டோ, அந்த ஷெல் வழியாக ஒரு பெட்டிக்குள் புகுந்து ஷட்டரைத் தூக்கிவிட்டான். விளையாட்டாகத்தான் செய்திருக்க வேண்டும், அதில் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை. நாற்பது ஏக்கர் முற்றின கதிர் தண்ணீரில் சாய்ந்து மூன்றே நாளில் முளைவிட்டது. கம்பெனி சார்பில் அந்த வரப்பில் போய் நின்றவள் லட்சுமிப்ரியா. வயல்காரர் ஒருவர் முளைத்த கதிரை ஒரு கொத்துப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அன்றைக்குப் பிடித்த பிடிவாதம்தான் அது. இனி செய்யும் பெட்டிகளில் ஷெல்லே இருக்கக்கூடாது. கடவுச்சொல்லை மாற்றுவது, பூட்டுப் போடுவது என்ற பேச்செல்லாம் அவளிடம் எடுபடவில்லை.

“ஷெல் இல்லாத லினக்ஸு என்ன லினக்ஸு? கேட்டா சிரிப்பாவ” என்றான் ஸ்ரீகுமார். இருவரும் ஒரே கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அதனால் மரியாதை குறைவு, உரிமை அதிகம்.

“சிரிக்கட்டும். அடிப்படைக்குக் கெர்னல் ஏறணும், நம்ம புரோகிராம் ஒண்ணு ஓடணும், அவ்வளவுதான் வேணும். யாரு வந்து என்ன சொன்னாலும் தலையாட்டதுக்கு உள்ள ஒருத்தன் எதுக்கு?”

“ஏதாவது கெட்டுப்போச்சுன்னா உள்ள எப்படிப் போவ?”

“போகாண்டாம். புது இமேஜ் போட்டுருவோம்.”

“மெட்ராஸ்ல கையெழுத்தாகி அது வாறதுக்குள்ள? கிணத்துக்குப் படி வெக்கது களவாங்கதுக்கா ப்ரியா? விழுந்தவன் ஏறிவாறதுக்காக்கும்.”

“அந்தப் படி வழியாத்தான் அன்னைக்கு ஒருத்தன் எறங்குனான். நீ அந்த வயலப் பாக்கல்ல, நான் பாத்தேன்.”

நாற்பது ஏக்கரை அவள் எடுத்துப் போட்டால் எந்த வாதமும் நிற்காது. சென்னைத் தலைமை அலுவலகமும் அவள் பக்கம் சாய்ந்தது. பழைய இருநூற்றுப் பன்னிரண்டையும் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டுவது என்று முடிவானது. புதிய பெட்டிகளுக்குள் இருக்கும் எல்லாவற்றையும், ஓடும் நிரல் முதல் அனுப்பும் வாசகம் வரை, ஒரே கட்டாகக் கட்டி டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்கள். இமேஜ் என்று அவர்கள் சொன்னது இதைத்தான். அந்தக் கையெழுத்து இல்லாத எதையும் பெட்டி ஏற்காது. கையெழுத்துச் சாவி சென்னையில் இருந்தது. மாதத்துக்கு ஒரு வெளியீடு, மூன்றாம் தேதி.

கடைசிப் பரிசோதனையில் லட்சுமிப்ரியா ஒன்றைக் கண்டுபிடித்தாள். பெட்டியைக் கழற்றி உள்ளே கம்பி மாட்டினால் மட்டும் எழுந்து வருகிற மாதிரி, ஒரு மூலையில் சின்னதாக ஒரு ஷெல்லை ஸ்ரீகுமார் ஒளித்து வைத்திருந்தான். அவளுக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. நேருக்கு நேர் தோற்றவன் பின்வாசல் வைத்துவிட்டான் என்று தோன்றியது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சென்னைக்கு மெயில் போட்டாள். ஷெல்லும் போயிற்று, அவன் வேலையும் போயிற்று. அவன் வடசேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியாராகச் சேர்ந்தான். நாகர்கோவில் அலுவலகத்துக்கு லட்சுமிப்ரியா பொறுப்பாளரானாள்.

செய்தி வாசகங்கள் சென்னையிலிருந்து வந்தன. தமிழை ஒரு தடவை சரிபார்த்து அனுப்பும்படி அவளிடம் சொன்னார்கள். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு எழுபது எழுத்துதான் இடம், புள்ளியும் கொம்பும்கூடத் தனி எழுத்தாகக் கணக்கு, அதற்கு மேலே போனால் இரண்டு செய்தியாகிவிடும். அதனால் ‘கரைப் பக்கம் போகாதீர்கள்’ என்ற பகுதியை அங்கேயே நறுக்கியிருந்தார்கள். மிச்சம் இருந்தது இதுதான்: ‘கவனம். உங்கள் பகுதிச் சானலில் இன்று வெள்ளம் வரும்.’ ஒற்றுப்பிழை இல்லை. சரி என்று அனுப்பிவிட்டாள்.

இதை மெட்ராஸ்காரி சரி என்று சொல்லியிருந்தால் அது வேறு விஷயம். இவள் பிறந்தது இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில், சானலின் கடைவரம்பில், தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த வீட்டில். அந்த வீட்டில் குடிப்பதும் வெள்ளம், குளிப்பதும் வெள்ளம், வயலுக்குப் பாய்வதும் வெள்ளம். டிவியில் வெள்ளம் என்று சொன்னால் அங்கேயும் எல்லாருக்கும் அது பெருக்கு என்று புரியும். ஆனால் சானலையும் வெள்ளத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முறைத் தண்ணீர் திறந்தாயிற்று, வந்து மடையை வெட்டிக்கொள்ளுங்கள். ஷட்டர் பார்க்கும் லஸ்கர் முன்பெல்லாம் சைக்கிளில் வந்து இதே இரண்டு வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போவார்: வெள்ளம் வரும்.

லட்சுமிப்ரியாவுக்கு இது தெரியாமல் இல்லை, மறந்துபோயிருந்தது. மறக்கவைத்தார்கள் என்றும் சொல்லலாம். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் விடுதியில், “ஒரு கிளாஸ் வெள்ளம் தருவியா?” என்று கேட்டுவிட்டாள். அந்த அறையில் இருந்த அத்தனை பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு வருடம் அவளுக்கு வெள்ளம் என்றே பெயர். மானமுள்ள பெண், அந்த வார்த்தையை நாக்கிலிருந்து வழித்து எறிந்தாள். எட்டு வருடம் கழித்து ஊருக்கு மாற்றலாகி வந்தபோது வீட்டிலும் தண்ணி என்றாள். அப்பா குலசேகரன் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டார்.

ஐப்பசி பிறந்த வாரம் மலையில் ஒரு மழை பெய்து, சானலில் நீர் கொஞ்சம் ஏறியது. அப்பா போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“மக்கா, ஒன் பெட்டி மெசேஜ் அனுப்பிச்சு கேட்டியா. வெள்ளம் வருமாம். பதினஞ்சு நாளாக் காஞ்சு கெடந்த பயிரு. ஒடனே மம்பட்டிய எடுத்துட்டு வந்துட்டேன். பழைய லஸ்கரு சொல்லது மாதிரியே சொல்லுதே!”

“அப்பா, இப்பம் எங்க நிக்கிய?”

“சானல் மடையிலதான். வேற எங்க நிக்க? எல்லாவனும் வந்து நிக்கான்.”

அன்றைக்கு வந்தது முழங்கால் அளவுத் தண்ணீர். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கரையைவிட்டு ஓடு என்று சொல்ல வேண்டிய பெட்டி, கரைக்கு ஓடி வா என்று சொல்கிறது. அதுவும் நீர் அதிகமாக வரும் நாளில் மட்டும் சொல்கிறது. லட்சுமிப்ரியா நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நின்றுகொண்டே சென்னை மேலாளரைக் கூப்பிட்டாள்.

அவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகக் கேட்டார். “வெள்ளம்னு சொன்னா அவங்களுக்கு சாதாரணத் தண்ணியா? அப்போ பெருவெள்ளம்னு மாத்திடலாமா?”

“அப்படிப் போட்டா நிறைய தண்ணி வருதுன்னு குடும்பத்தோட வருவாங்க சார்.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு, மூன்றாம் தேதி வெளியீட்டில் சேர்த்துவிடலாம், வார்த்தையை நீங்களே எழுதி அனுப்புங்கள் என்றார். மூன்றாம் தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. அதற்கு முன்னால் முடியாதா என்று கேட்டாள். ஒரு வார்த்தைக்காக இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளுக்கும் அவசர இமேஜ் கட்டினால், சோதனை எல்லாம் முடியவே பத்து நாள் ஆகும் என்றார். அதுவரை விவசாயிகளுக்கு நாமே போன் பண்ணிச் சொல்லட்டுமா என்று கேட்டாள். அவர் சிரிப்பு அங்கேதான் நின்றது.

“வேண்டவே வேண்டாம். நம்ம மெசேஜ் தப்புன்னு நாமளே சொன்னா ஒப்பந்தம் போயிடும். உங்க ஆபீஸ்ல ஆறு பேர் இருக்கீங்க, யோசிச்சுப் பாருங்க. பதினோரு நாள்தானே.”

அன்று சாயங்காலம் வெட்கத்தை விட்டு ஸ்ரீகுமாருக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

“வேற எங்கயாவது ஒண்ணு வெச்சிருக்கியா ஸ்ரீ? ஏதாவது ஒரு மூலையில?”

“ஒண்ணுதான் வெச்சேன். அத நீ எடுத்துட்ட.”

“இருந்திருந்தா?”

“இருந்திருந்தா ஒரே வரி. பெட்டிக்கு ரெண்டு நிமிஷம். நாலு பயலுவள பைக்குல அனுப்பி நாலு நாள்ல முடிச்சிருக்கலாம். அது போட்டும் ப்ரியா. பெட்டிய விடு. ஆளுகளுக்குப் போன் அடிச்சுச் சொல்லு.”

“சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாவ.”

“அதுக்கு நான் என்ன சொல்ல?” என்று அவன் போனை வைத்துவிட்டான்.

அவள் பதிவுத் தாளைத் திறந்து பார்த்தாள். அப்பாவின் வயலுக்கு நீர் கொடுக்கும் ஷட்டரின் பெட்டி நூற்றுப் பதினேழு. அதில் நாற்பத்தாறு பெயர், நாற்பத்தாறு எண். பாதிப் பேர் அவளுக்குப் பாவாடை கட்டின நாளிலிருந்து தெரிந்தவர்கள். முதல் எண்ணை அழுத்தினாள். இரண்டு மணி அடித்ததும் துண்டித்துவிட்டாள். என்னவென்று சொல்வது? எட்டு வருடம் சென்னையில் குப்பை கொட்டி, ஒருவனை வேலையைவிட்டு அனுப்பி, கடைசியில் ஊர் வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் கையெழுத்துப் போட்டவள் என்றா? பயம் பாதி, வெட்கம் பாதி. வெட்கம்தான் பெரிய பாதி.

அப்பாவிடம் மட்டும் சொன்னாள். அதற்காக அன்று இரவே நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள். “இனி அந்த மெசேஜ் வந்தா மடைக்குப் போகாதிய. அது நம்ம வெள்ளம் இல்ல, ஊரை அழிக்கிற வெள்ளம்.”

குலசேகரன் புருவத்தைத் தூக்கினார். “அப்பம் எல்லாருட்டயும் சொல்லணும்லா?”

“சொல்லாண்டாம்பா. என் வேலைக்கு ஆபத்து. மூணாந்தேதி சரியாயிரும். அதுவர யாருட்டயும் ஒண்ணும் சொல்லாண்டாம்.”

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு மகள் வாயிலிருந்து ஊர்ப்பேச்சு வந்தது. அதில் மனது இளகியோ என்னவோ, “செரி மக்கா, சொல்லல்ல” என்றார் அவர்.

ஒன்பதாம் நாள் மலையில் வானம் பொத்துக்கொண்டது. கடற்கரைப் பக்கம் வெறும் தூறல், வெயில்கூட இரண்டு தடவை எட்டிப் பார்த்தது. மத்தியானம் இரண்டே முக்காலுக்கு நூற்றுப் பதினேழாம் பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்தது. மட்டத்தை அளந்தது, ஷட்டரைத் தூக்கியது, நாற்பத்தாறு செய்தி அனுப்பியது. நாற்பத்தாறும் போய்ச் சேர்ந்ததாக அலுவலகத் திரையில் பச்சைப் புள்ளி விழுந்தது. லட்சுமிப்ரியா அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் வீட்டில்தான் இருந்தார். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

மற்ற நாற்பத்தைந்து பேரை அவள் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தாள். நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தூறலாகத்தானே இருக்கிறது, போன தடவை மாதிரிக் கொஞ்சமாகத்தான் வரும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். போனை எடுப்பதும் மேஜையில் வைப்பதுமாக முக்கால் மணி நேரம் போயிற்று.

ஐந்தரைக்கு அப்பா கூப்பிட்டார். “கரை ஒடஞ்சிட்டு மக்கா. ஆளுக எல்லாம் ஓடி வந்துட்டு. செல்லத்தாயிய மட்டும் காணல்ல.”

செல்லத்தாய் அடுத்த வயலைப் பாட்டக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவள். ஐம்பத்தெட்டு வயது, எழுத்துத் தெரியாது, வாய் ஓயாது. புருஷன் செத்த பிறகு ஒற்றையாக நின்று மகன் வினோஜை வளர்த்து ஷார்ஜாவுக்கு அனுப்பினாள். மருமகள் ரேஷ்மி மண்டைக்காட்டிலிருந்து வந்த பெண், கல்யாணம் ஆகி இரண்டு வருடம். ராத்திரி முழுக்கத் தேடினார்கள். காலையில் ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சிறுபாலத்துக்கு அடியில் செல்லத்தாய் கிடைத்தாள்.

சென்னையிலிருந்து பத்து மணிக்குள் போன் வந்தது. மேலாளர் மிகவும் வருத்தப்பட்டார். வருத்தப்பட்ட கையோடு ஓர் அறிக்கையும் அனுப்பியிருந்தார். பெட்டி சரியாக இயங்கியது. வெள்ளம் வரும் என்று தெளிவான தமிழில், உரிய நேரத்தில் எச்சரிக்கை சென்று சேர்ந்தது. இறந்தவர் எச்சரிக்கையை மீறிச் சானலுக்குச் சென்றார். சாயங்காலத்துக்குள் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். பொய் என்று விரல் வைத்துக் காட்ட அதில் ஒரு வரி இல்லை. சுத்தமான, அச்சுத் தமிழ் உண்மை.

அதைப் போனில் வைத்துக்கொண்டே லட்சுமிப்ரியா ஊருக்குப் போனாள். அப்பா வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. அவரைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே என்னவெல்லாமோ பேசினாள். ஷெல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்றாள். ஸ்ரீகுமார் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்றாள். இனி எந்தப் பெட்டி செய்தாலும் ஷெல் இல்லாமல் செய்யக்கூடாது, அதைச் சட்டமாகவே எழுதிவிட வேண்டும் என்றாள். ஷெல் என்றால் என்னவென்று குலசேகரனுக்குத் தெரியாது. அவள் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

“அவ இந்த வழியாத்தான் மக்கா போனா” என்றார்.

“யாரு?”

“செல்லத்தாயி. மூணு மணி இருக்கும். நான் கேட்டுல நிக்கேன். மம்பட்டிய தோள்ல போட்டுட்டு வாறா. அண்ணாச்சி, வெள்ளம் வருதாம், நீங்க வரல்லியான்னு கேட்டா. போகாண்டாம் செல்லத்தாயின்னு சொன்னேன். ஏன் அண்ணாச்சின்னா. எனக்கு என்ன சொல்லதுன்னு தெரியல்ல. மழைக்கோளு கெடக்குன்னு சொன்னேன். இந்தத் தூத்தலுக்குப் பயந்தா பயிரு கெடக்குமா, ஒங்களுக்கு வயசாயிட்டுன்னு சிரிச்சுட்டுப் போனா.” அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். “ஒரு வார்த்த மக்கா. அது நம்ம வெள்ளம் இல்லட்டின்னு ஒரு வார்த்த சொன்னா நின்னிருப்பா. வாய்வர வந்துட்டு. நீ சொல்லாண்டாம்னு சொன்னது மனசுல இருந்துச்சு. நான் வாய மூடிட்டேன்.”

லட்சுமிப்ரியாவின் அழுகை நின்றுபோனது. அதற்கு மேல் ஷெல்லைப் பற்றிப் பேச அவளிடம் ஒன்றும் இல்லை. பெட்டிக்கு வாய் இல்லாமல் செய்தது சரியா தப்பா என்று கம்பெனிகள் காலமெல்லாம் பேசிக்கொண்டிருக்கட்டும். பேசத் தெரிந்த ஒரு மனிதரின் வாயை அவள் கட்டியிருந்தாள், அந்த மனிதர் பெற்ற அப்பா.

சாவு வீட்டுக்கு இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். பந்தலில் ஆண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்களின் பேச்சு அவ்வளவு தணிந்து இல்லை. வினோஜுக்கு விமானம் மறுநாள்தான். அவன் முகம் சுவரோரம் சாய்த்து வைத்த ஒரு போனில் தெரிந்தது, கண் இரண்டும் வீங்கி. ரேஷ்மி மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளை ஒட்டி ஒருவரும் உட்காரவில்லை.

“அந்தப் பாவத்துக்கு எழுத்துத் தெரியுமா? மருமவ வாசிச்சுச் சொன்னா, நம்பிப் போச்சு” என்றாள் செல்லத்தாயின் நாத்தனார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “கவர்மெண்டு கம்பெனிக்காரன் என்னத்துக்குத் தப்பா அனுப்புவான்? போகாதன்னு போட்டிருந்தத இவ போன்னு வாசிச்சுக் குடுத்தாளோ என்னமோ.”

“என்னத்தட்டி வாசிச்ச?” என்று போனுக்குள்ளிருந்து வினோஜ் கேட்டான். பத்தாவது தடவையாக இருக்கும். “ஒழுங்கா வாசிச்சியா இல்லியா?”

ரேஷ்மி தலையைத் தூக்கினாள். வாசலில் நின்ற லட்சுமிப்ரியாவைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். இரண்டு தடவை கோவிலில் பார்த்துச் சிரித்த பழக்கம், அவ்வளவுதான். தன் போனை அவள் கையில் திணித்தாள்.

“அக்கா, நீங்க படிச்சவிய. கம்ப்யூட்டர்ல வேல பாக்கிய. இத வாசிச்சு இவியளுக்குச் சொல்லுங்க. நான் தப்பாவா வாசிச்சேன்?”

லட்சுமிப்ரியா திரையைப் பார்த்தாள். ஒற்றுப்பிழை இல்லாத அந்த ஒரு வரியை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள். “கவனம். உங்கள் பகுதிச் சானலில் இன்று வெள்ளம் வரும்.”

“கேட்டியளா? இதத்தான் நானும் சொன்னேன்” என்றாள் ரேஷ்மி. குரல் உடைந்தது. “வெள்ளம் வருதாம் அத்தைன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.”

“நீ சரியாத்தான் வாசிச்ச” என்றாள் லட்சுமிப்ரியா. “தப்பு எழுத்துல. அந்தப் பெட்டி எங்க கம்பெனிது. இந்த வரியச் சரின்னு சொல்லி அனுப்புனது நானாக்கும். பெருக்கு வருது, ஓடுங்கோன்னு சொல்ல வேண்டியது. ஊருல இத எப்படி எடுப்பாவன்னு எனக்குத் தெரிஞ்சு ஒம்பது நாளாச்சு.”

போனில் வினோஜின் முகம் அசையவில்லை, நெட்வொர்க் நின்றுவிட்டதோ என்று தோன்றியது. நிற்கவில்லை, அவன் மூச்சு விடுவது கேட்டது. பந்தலில் இருந்து நாலைந்து ஆண்கள் வாசலுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் குலசேகரன் தலையைக் குனிந்து நின்றார்.

ரேஷ்மி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அழவில்லை, கத்தவில்லை. தனக்குப் புரியாத ஒரு கணக்கைச் சரிபார்க்கிறவள் போல நெற்றியைச் சுருக்கினாள்.

“ஒம்பது நாளாவா அக்கா?”

“ஆமா மக்கா.”

“எங்க நம்பர் ஒங்க கிட்ட இல்லியா?”

லட்சுமிப்ரியா சுற்றி நின்ற அத்தனை முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். பொய் சொல்ல அப்போதும் இடம் இருந்தது.

“இருந்துச்சு” என்றாள்.